வளைகாப்பு, லைவ் ஸ்கேன், ஒரு கலிபோர்னியா லைசென்ஸ்: ட்ராவல் நர்ஸ் ஒருத்தியின் ஒன்பது மாத அலைச்சல்

“அக்கா, டெக்சாஸ் காம்பேக்ட் ஸ்டேட்தானே? அப்போ என் லைசென்ஸும் காம்பேக்ட்தானே?”

2024 மே மாதம் ஒரு நாள், நைட் ஷிஃப்டுக்குப் போகிற வழியில் எனக்குத் தெரிந்த நர்ஸ் ஒருத்தி போனில் கேட்ட கேள்வி இது. ஒரு மாநில நர்ஸ் லைசென்ஸ் மற்ற மாநிலங்களிலும் செல்லும் ஏற்பாடுதான் காம்பேக்ட், விவரம் பின்னால் வருகிறது. நானும் ‘ஆமா’ என்றுதான் சொன்னேன். பத்து வருடமாக ட்ராவல் நர்ஸாக ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கிறவள், நாலு மாநில லைசென்ஸ் வைத்திருக்கிறவள், கொஞ்சமும் யோசிக்காமல் ஆமா என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு ‘ஆமா’வில் மூன்று வாரம் வீணாகப் போனது. அதனால் இந்தக் கேஸை எழுதும்போது என் பங்கையும் சேர்த்தே எழுதுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர், கல்லூரி, ஏஜென்சி எதுவும் வேண்டாம் என்றாள், சரி.

ஆள் நாகர்கோவில் பக்கம். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் ஒரு கல்லூரியில் 2012லிருந்து 2016 வரை பி.எஸ்சி. நர்சிங். 2019ல் சென்னையில் உட்கார்ந்து, அமெரிக்க நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வை எழுதினாள், விண்ணப்பம் நியூயார்க் மாநிலம் வழியாக. நம் ஊரிலிருந்து எழுதுகிற பலர் நியூயார்க்கைப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு, சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) இல்லாமலே அங்கே லைசென்ஸ் கிடைக்கும். 2021ல் கிரீன் கார்டில் வந்து ஹூஸ்டனில், நோயாளியின் இதயத் துடிப்பை இடைவிடாமல் கவனிக்கும் டெலிமெட்ரி வார்டில் மூன்று வருட ஒப்பந்தம். அது 2024 வசந்த காலத்தில் முடிந்தது. சான் ஹோசேயில் இருக்கும் அவள் தங்கைக்கு அக்டோபரில் பிரசவம், அம்மா ஊரிலிருந்து வருகிறார்கள், தானும் பக்கத்தில் இருக்க வேண்டும். 13 வாரம் கலிபோர்னியாவில் ஏஜென்சி வழியாக ஒரு தற்காலிக ட்ராவல் காண்ட்ராக்ட் எடுத்தால் சம்பளமும் ஆச்சு, தங்கையும் ஆச்சு. திட்டம் அவ்வளவுதான். கேட்கும்போது யாருக்கும் தப்பாகத் தோன்றாது.

முதலில் ஒரு விஷயம், தெரியாதவர்களுக்காக. அமெரிக்காவில் என்கிளெக்ஸ் தேர்வு நாடு முழுக்க ஒன்றுதான், ஆனால் லைசென்ஸ் கொடுப்பது மாநிலம். 1903ல் வட கரோலினா முதலில் நர்ஸ் பதிவுச் சட்டம் போட்டது, அதே வருடம் நியூஜெர்சி, நியூயார்க், வர்ஜீனியாவும் போட்டன. அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம் இன்றுவரை அப்படியே இருக்கிறது. நம்மூரிலும் தமிழ்நாடு கவுன்சிலில் பதிவு செய்தவள் டெல்லிக்குப் போனால் அங்கே மறுபடி பதிவு செய்ய வேண்டும் அல்லவா, அதே கதைதான், கட்டணம் மட்டும் டாலரில்.

இந்தத் தொல்லையைக் குறைக்க வந்ததுதான் நர்ஸ் லைசென்சர் காம்பேக்ட். 2000த்தில் டெக்சாஸ் உட்பட சில மாநிலங்களோடு தொடங்கி, 2018 ஜனவரி 19லிருந்து புது விதிகளோடு நடக்கிறது, இன்றைக்கு 40க்கு மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்திருக்கின்றன. கலிபோர்னியா, நியூயார்க், ஓரிகன், நெவாடா, இல்லினாய் எல்லாம் வெளியே. காம்பேக்டில் சேர்ந்த மாநிலத்தில் மல்டிஸ்டேட் லைசென்ஸ் இருந்தால் மற்ற காம்பேக்ட் மாநிலங்களில் தனி விண்ணப்பம் போடாமல் வேலை பார்க்கலாம். மல்டிஸ்டேட் என்ற சொல்லைக் கவனியுங்கள், அவளும் நானும் கவனிக்காமல் விட்டது அதைத்தான்.

மாமா வீட்டு முகவரி

கலிபோர்னியா லைசென்ஸுக்கு நாளாகும், அதுவரை காம்பேக்டில் எங்காவது போட்டு வைக்கிறேன் என்று ஏஜென்சியில் வேலை பிடித்துத் தரும் ரெக்ரூட்டர் சொல்லி, அரிசோனாவில் ஒரு இடத்துக்கு அவள் ஃபைலை அனுப்பியிருக்கிறார். மூன்று வாரம் கழித்து ஏஜென்சியில் ஆவணங்களைச் சரிபார்க்கும் கம்ப்ளையன்ஸ் ஆளிடமிருந்து ஒரு வரி வந்தது: உங்கள் லைசென்ஸ் சிங்கிள் ஸ்டேட்.

அவளுக்குப் புரியவில்லை, எனக்குப் போட்டு அனுப்பினாள். நான் நர்சிஸ் தளத்தில் அவள் பெயரைப் போட்டுப் பார்த்தேன். இது இலவசம், யார் வேண்டுமானாலும் யார் லைசென்ஸை வேண்டுமானாலும் பார்க்கலாம், எந்தெந்த மாநிலத்தில் வேலை செய்ய அனுமதி என்று வரைபடமே காட்டும். அவள் வரைபடத்தில் டெக்சாஸ் மட்டும்தான் நிறம் மாறியிருந்தது. இரண்டு நிமிட வேலை, மே மாதமே செய்திருக்கலாம்.

ஏன் சிங்கிள்? மல்டிஸ்டேட் கொடுப்பது நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்பதை வைத்து இல்லை, எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதை வைத்து. முதன்மை வசிப்பிட மாநிலம் என்று ஒரு கேள்வி விண்ணப்பத்தில் வரும். 2021ல் இவள் வந்து இறங்கியது நியூயார்க்கில், குவீன்ஸில் மாமா வீடு. சோஷியல் செக்யூரிட்டி அட்டை தபாலில் வரும்வரை ஐந்து வாரம் அங்கே இருந்துகொண்டு, மாமா வீட்டு முகவரியைப் போட்டு, வசிப்பிட மாநிலம் நியூயார்க் என்று டிக் செய்து டெக்சாஸுக்கு எண்டார்ஸ்மெண்ட் விண்ணப்பம் (ஒரு மாநில லைசென்ஸைக் காட்டி இன்னொரு மாநிலத்தில் லைசென்ஸ் கேட்பது) அனுப்பியிருக்கிறாள். அன்றைக்கு அது உண்மைதான். நியூயார்க் காம்பேக்டில் இல்லாததால் டெக்சாஸ் வாரியமும் விதிப்படி சிங்கிள் ஸ்டேட் கொடுத்திருக்கிறது. அப்புறம் ஹூஸ்டனுக்கு வந்து, வீடு பிடித்து, டெக்சாஸ் டிரைவிங் லைசென்ஸ் எடுத்து, மூன்று வருடம் வரி கட்டி, எல்லாம் ஆனது. லைசென்ஸ் மட்டும் மாமா வீட்டிலேயே நின்றுவிட்டது. ஒரே மருத்துவமனையில் வேலை பார்க்கிறவரை சிங்கிளா மல்டியா என்று யார் கேட்கப் போகிறார்கள்?

சரிசெய்வது கஷ்டமில்லை. டெக்சாஸ் டிரைவிங் லைசென்ஸ், வருமான வரிப் படிவம், டபிள்யூ-2 என்கிற வருடாந்தரச் சம்பளப் படிவம் எல்லாம் ஹூஸ்டன் முகவரியைக் காட்டுகின்றன. வெளிநாட்டில் படித்தவர்களுக்கு மல்டிஸ்டேட் கிடையாது என்று ஒரு பேச்சு நம் ஆட்களிடம் உலவுகிறது, அது தப்பு. தனி நிறுவனம் ஒன்று படிப்பைச் சரிபார்த்திருக்க வேண்டும், படித்தது ஆங்கிலத்தில் இல்லையென்றால் ஆங்கிலத் தேர்வு வேண்டும், என்கிளெக்ஸ் தேறியிருக்க வேண்டும், கைரேகைச் சோதனை முடிந்திருக்க வேண்டும், சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். எல்லாம் அவளிடம் இருந்தது. மல்டிஸ்டேட்டாக மாற்ற விண்ணப்பித்தாள், ஜூலை கடைசியில் வரைபடம் முழுக்க நிறம் மாறியது. ஆனால் அரிசோனாவில் முதலில் பேசிய அந்த இடம் அதற்குள் கைவிட்டுப் போயிருந்தது.

இதோடு ஒட்டிய ஒரு எச்சரிக்கை. ட்ராவல் காண்ட்ராக்டுக்குப் போன இடத்தில் கார் இன்சூரன்ஸ் குறையும் என்றோ வேறு எதற்கோ அந்த ஊர் டிரைவிங் லைசென்ஸ் எடுக்கிறவர்கள் உண்டு. எடுத்தால் வசிப்பிடம் மாறிவிட்டதாகத்தான் அர்த்தம். அந்த மாநிலம் காம்பேக்டில் இல்லையென்றால் உங்கள் மல்டிஸ்டேட் போச்சு. காம்பேக்டில் உள்ள இன்னொரு மாநிலத்துக்கே நிஜமாகக் குடிபோனாலும், 2024 ஜனவரி 2லிருந்து அமலில் உள்ள விதிப்படி 60 நாளுக்குள் அங்கே விண்ணப்பம் போட்டாக வேண்டும். வீட்டு வாடகைப் படிக்கு வரி விலக்கு கேட்கிற ட்ராவல் நர்ஸுகளுக்கும் நிரந்தர வீடு எங்கே என்ற இதே கேள்விதான் வரும். ஆக, வீடு எது என்பதில் ஒரே பதிலாக இருங்கள்.

நியூயார்க் லைசென்ஸ் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அங்கே லைசென்ஸ் ஆயுளுக்கும் உண்டு, ஆனால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தால்தான் வேலை செய்யலாம். இவள் புதுப்பிக்கவில்லை. புதுப்பிக்கக் கட்டணம் 73 டாலர், தொற்றுத் தடுப்புப் பாடத்தை நாலு வருடத்துக்கு ஒருமுறை முடித்திருக்க வேண்டும். அதை அப்போதைக்கு அப்படியே விட்டோம். 2020 மார்ச்சில் கொரோனா உச்சத்தில் வெளி மாநில லைசென்ஸோடு யார் வேண்டுமானாலும் வந்து வேலை பாருங்கள் என்று நியூயார்க் கவர்னர் உத்தரவு போட்டதைச் சொல்லி, “இப்பவும் அப்படி விடமாட்டாங்களா?” என்றாள். நெருக்கடிக்குத் திறந்த கதவு அது, நெருக்கடி போனதும் மூடிவிட்டார்கள்.

கலிபோர்னியா

படிவத்தை நிரப்ப ஒரு சாயங்காலம் போதும். வேலைக்குப் போய்க்கொண்டே, பையனுக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டே, அவள் அதை மே மாதக் கடைசியில் ஆன்லைனில் நிரப்பி முடித்துவிட்டாள். கட்டணம் அமெரிக்காவில் படித்தவர்களுக்கு 350 டாலர், வெளிநாட்டில் படித்தவர்களுக்கு 750. கட்டியாயிற்று. நர்சிஸ் வழியாக டெக்சாஸ் லைசென்ஸைச் சரிபார்த்து அனுப்ப 30, நியூயார்க்குக்கு 30. பணம் போனதும் அது நகர்ந்துவிட்டது. “ஈசியாதான் இருக்கு அக்கா” என்றாள்.

நாம் நிரப்புகிற காகிதம் எப்போதும் ஈசிதான். இழுப்பது மற்றவர்கள் அனுப்ப வேண்டிய காகிதம். கலிபோர்னியா விஷயத்தில் அது அவள் கல்லூரியிலிருந்து வர வேண்டிய இரண்டு தாள்கள், ஒன்று மதிப்பெண் பட்டியல், இன்னொன்று படிப்பின் விவரப் படிவம். இரண்டும் கல்லூரியிலிருந்து நேரடியாகப் போக வேண்டும், டெக்சாஸுக்காக முன்பு வாங்கிய மதிப்பீட்டு அறிக்கையை வைத்து ஒப்பேற்ற முடியாது.

நாங்கள் செய்த வரிசையே தப்பு. முதலில் படிவம், பிறகு பணம், பிறகு நர்சிஸ், கடைசியாகத்தான் ஜூன் நடுவில் கல்லூரிக்கு மெயில். தலைகீழாகச் செய்திருக்க வேண்டும். எந்தக் காகிதம் அதிகத் தூரத்திலிருந்து, நம் சொல் பேச்சு கேட்காத கையிலிருந்து வர வேண்டுமோ, அதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். இந்தக் கேஸிலிருந்து ஒன்றே ஒன்று எடுத்துக்கொள்வதென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

கல்லூரி ஆபீஸில் பணம் கட்ட ஒரு ஆள் நேரில் போக வேண்டியிருந்தது, அவள் சித்தப்பா போனார். ஆபீஸில் மதிப்பெண் பட்டியலைக் கவரில் போட்டு, ஒட்டிய இடத்தில் முத்திரை குத்தி, எந்த முகவரிக்கு என்று கேட்டபோது சித்தப்பா அவருக்குத் தெரிந்த ஒரே அமெரிக்க முகவரியைக் கொடுத்துவிட்டார். கவர் ஜூலையில் ஹூஸ்டனுக்கு வந்தது. இவள் டியூட்டியில் இருந்தாள். ஊரிலிருந்து ஏதோ கூரியர் என்று வீட்டுக்காரர் பிரித்து, “உன் மார்க் ஷீட் வந்திருக்கு” என்று படம் எடுத்து அனுப்பினார், அவள் ரொம்ப நாள் காத்திருந்தது வந்துவிட்டது என்கிற சந்தோஷத்தில். முத்திரை உடைந்த கவருக்கு ஒரு மதிப்பும் இல்லை. அன்று ராத்திரி அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியும், இங்கே எழுதத் தேவையில்லை. மறுபடியும் சித்தப்பா, மறுபடியும் ஆபீஸ், இந்த முறை முகவரியை ஆங்கிலத்தில் டைப் செய்து லேபிளாகவே அனுப்பி வைத்தோம்.

அடுத்து பெயர். நம் ஆட்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி இது. கல்லூரிச் சான்றிதழில் ஒரு இனிஷியலும் பெயரும். பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த இனிஷியல் விரிந்து அப்பா பெயராகி, குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தபோது அப்பா போய் வீட்டுக்காரர் பெயர் வந்தது. ஆக நியூயார்க்கில் அப்பா பெயரோடு ஒருத்தி, டெக்சாஸில் கணவர் பெயரோடு ஒருத்தி, கல்லூரி ஏட்டில் ஒற்றை எழுத்தோடு ஒருத்தி, மூவரும் இவளே. கலிபோர்னியா விண்ணப்பத்தில் முன்பு இருந்த பெயர்கள் என்று ஒரு இடம் இருக்கிறது. கன்னிப் பெயர் என்றதும் அப்பா பெயர் உள்ளதை மட்டும் எழுதிவிட்டாள். இனிஷியல் போட்ட பெயரும் தனிப் பெயர்தான், அதையும் அப்படியே சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டோடு எழுத வேண்டும். இல்லாவிட்டால் கல்லூரியிலிருந்து வரும் கவர் யாருடைய ஃபைலில் சேர வேண்டும் என்று அங்கே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? திருமணச் சான்றிதழும் மூன்று பெயரும் ஒருவரே என்ற நோட்டரி உறுதிமொழியும் சேர்த்து அனுப்பினோம். தமிழ்நாட்டு நர்ஸ் யார் கேட்டாலும் இப்போது நான் முதலில் கேட்பது, ‘உன் பெயர் எத்தனை விதமாக எழுதியிருக்கிறது?’ என்பதுதான்.

சேர்ந்து நடந்ததா?

பெயரும் கவரும் எரிச்சல், அவ்வளவுதான். நிஜமாகவே பயந்தது விவரப் படிவத்துக்கு.

மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தைகள், மனநலம், முதியோர் என்று ஒவ்வொரு பிரிவிலும் வகுப்பு எத்தனை மணி நேரம், வார்டு போஸ்டிங், அதாவது மருத்துவமனைப் பயிற்சி, எத்தனை மணி நேரம் என்று கல்லூரி நிரப்ப வேண்டும். மணிக் கணக்கில் நமக்குப் பயமில்லை, நம்மூர் நர்சிங் மாணவிகள் வார்டில் போடுகிற மணி நேரத்துக்கு யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கலிபோர்னியாவுக்கு இன்னொரு விதி இருக்கிறது. பாடமும் போஸ்டிங்கும் ஒரே காலத்தில் சேர்ந்து நடந்திருக்க வேண்டும். மனநலப் பாடம் மூன்றாம் வருடம் படித்துவிட்டு, வார்டுக்கு நாலாம் வருடம் போனால் அது கணக்கில் வராது. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த நர்ஸுகள் பலர் இந்த இடத்தில்தான் வருடக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். தேர்வு தேறி, வேறு மாநிலத்தில் ஐசியு பார்த்து, அனுபவம் எவ்வளவு இருந்தாலும் சரி, கலிபோர்னியா கல்லூரி ஒன்றில் அந்தப் பாடத்தை வகுப்பும் வார்டுமாக மறுபடி படித்தாக வேண்டும். அந்த இடமும் லேசில் கிடைக்காது.

நம் கல்லூரிகளின் நிலைமை உங்களுக்குத் தெரியும். சொந்தமாக மனநல வார்டு இல்லாத கல்லூரிகள் பிள்ளைகளை பஸ் ஏற்றி சென்னை கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பும், அங்கே இடம் எப்போது கிடைக்கிறதோ அப்போது போஸ்டிங். லேபர் ரூமும் அப்படித்தான், அரசு மருத்துவமனையில் பத்து கல்லூரிப் பிள்ளைகள் முறை போட்டுக்கொண்டு நிற்பார்கள். யாரும் கலிபோர்னியாவை நினைத்து டைம்டேபிள் போடுவதில்லை.

முதல் முறை கல்லூரி படிவத்தை நிரப்பி அனுப்பியபோது தேதி இல்லை, வருடம் மட்டும்தான். மனநலம், வகுப்பு: மூன்றாம் வருடம், போஸ்டிங்: மூன்றாம் வருடம், முடிந்தது. செப்டம்பரில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, மனநலத்திலும் மகப்பேறிலும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று.

ஒன்பது பத்து வருடத்துக்கு முந்தைய தேதியை எங்கே தேடுவது? இந்த இடத்தில் இரண்டு பேர் காப்பாற்றினார்கள். ஒன்று அவள் பேட்ச்மேட், அதே கல்லூரியில் ட்யூட்டராக இருக்கிறாள். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் மாஸ்டர் ரொட்டேஷன் பிளான் என்று பெரிய அட்டவணை போடுவார்கள், எந்த வாரம் எந்த குரூப் எங்கே என்று கட்டம் கட்டமாக நிறம் அடித்து. 2014-15க்கான அந்த அட்டவணை பழைய ஃபைல் ஒன்றில் நாலாக மடித்து இருந்ததை அவள் கண்டுபிடித்தாள். இன்னொருவர் அவள் அம்மா. 20 பிரசவம் பார்த்து எழுதின கேஸ் புக் வீட்டுப் பரணில் ட்ரங்குப் பெட்டிக்குள் இருந்தது, சான் ஹோசேக்குக் கிளம்ப நாலு நாள் இருக்கும்போது ஏணி போட்டு ஏறி எடுத்து, பக்கம் பக்கமாக வாட்ஸப்பில் அனுப்பினார்கள். ஒவ்வொரு பிரசவத்துக்கும் தேதி, நேரம், குழந்தையின் எடை, கீழே சிஸ்டரின் கையெழுத்து, ஒரு மூலையில் ஏதோ கறை. கேஸ் புக்கை நாம் அனுப்பி ஆவதில்லை, கல்லூரி சொன்னால்தான் செல்லும். ஆனால் அட்டவணையில் உள்ள தேதி நிஜத்தில் நடந்த தேதிதானா என்று பார்க்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பொருந்தியது. மனநல வகுப்பு ஓடிக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் கீழ்ப்பாக்கம் நாலு வாரம். மகப்பேறில் முதல் போஸ்டிங் வகுப்போடு சேர்ந்து, மீதி அதற்கு அப்புறம். பிரின்சிபால் மேடம் தேதிகளோடு படிவத்தைத் திரும்ப நிரப்பிக் கையெழுத்துப் போட்டு நேரடியாக அனுப்பினார்.

தேதி பொருந்தாமல் போயிருந்தால்? ‘கல்லூரியில சொல்லி அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்’ என்று அவளிடம் சொன்னவர்களும் உண்டு. தயவு செய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். பொய்த் தகவல் என்று ஒரு மாநிலம் நடவடிக்கை எடுத்தால் அது நர்சிஸில் ஏறும், மற்ற எல்லா மாநிலமும் பார்க்கும், கையில் இருக்கிற லைசென்ஸுக்கும் ஆபத்து. எனக்குத் தெரிந்த இன்னொருத்திக்கு, வேறு கல்லூரி, போஸ்டிங் அடுத்த வருடம்தான் நடந்திருந்தது. இரண்டு பாடம் மறுபடி படி என்றார்கள். அவள் கலிபோர்னியாவை விட்டுவிட்டு வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறாள், அது 2023ல் காம்பேக்டில் சேர்ந்தது. அதுவும் ஒரு முடிவுதான், தோல்வி என்று நான் நினைக்கவில்லை.

விரல்

கைரேகை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இருந்தாலும் சொல்லாமல் விட முடியாது. கலிபோர்னியாவுக்குள் இருந்தால் லைவ் ஸ்கேன் என்று எலக்ட்ரானிக் முறை. வெளியே இருந்தால் மையில் தொட்டு எஃப்டி-258 அட்டையில் பதித்துத் தபாலில் அனுப்ப வேண்டும், அதற்கு 49 டாலர், நாளும் கூட ஆகும். இவள் ஜூனில் ஹூஸ்டனிலேயே அட்டையில் பதித்து அனுப்பினாள். ஜூலைக் கடைசியில் ரேகை தெளிவில்லை என்று பதில் வந்தது. நர்ஸுகளுக்கு இது சகஜம். ஒரு ஷிஃப்டில் எத்தனை தடவை சானிடைசர், எத்தனை தடவை கைகழுவல், விரல் நுனி வழவழவென்று ஆகிவிடுகிறது. பதிப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ராத்திரி கையில் கிரீம் தடவிக்கொண்டு படு என்று எனக்கு யாரோ சொன்னதை நான் அவளுக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

ஆகஸ்டில் தங்கைக்கு வளைகாப்பு, எப்படியும் சான் ஹோசே போகிறாள். வெள்ளிக்கிழமை போய் இறங்கியதும் முதல் வேலையாக லைவ் ஸ்கேன், சனிக்கிழமை வளைகாப்பு என்று போட்டோம். வியாழக்கிழமை ராத்திரியே மருதாணி வைத்துக்கொள்ளப் போனவளைத் தடுத்து, “விரல் நுனிய மட்டும் விட்டுடு, எதுக்கு வம்பு” என்றேன். வளைகாப்புப் படங்களில் உள்ளங்கை சிவந்து விரல் நுனி பத்தும் வெளிறிப்போய் இருக்கிறது. தங்கை இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

அதற்குள் செப்டம்பர் வந்துவிட்டது, கலிபோர்னியா வரவில்லை, வராது என்றும் தெரிந்துவிட்டது. லைசென்ஸ் கையில் இல்லாத ஆளை அங்கே பெரும்பாலான மருத்துவமனைகள் நேர்காணலுக்கே எடுப்பதில்லை. வரைபடத்தை வைத்து யோசித்தோம். கலிபோர்னியாவை ஒட்டிய நெவாடா, ஓரிகன் இரண்டும் காம்பேக்டில் இல்லை. அரிசோனா இருக்கிறது, பீனிக்ஸிலிருந்து சான் ஹோசேக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம். வேறு மருத்துவமனை, டெலிமெட்ரி, 13 வாரம், டெக்சாஸ் மல்டிஸ்டேட்டிலேயே. வாரத்துக்கு மூன்று 12 மணி ஷிஃப்ட். முதல் வாரத்தில் மூன்றையும் கடைசியிலும், அடுத்த வாரத்து மூன்றை முதலிலும் போடச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினாள். அப்படிப் போட்டால் நடுவில் சேர்ந்தாற்போல் எட்டு நாள் லீவு கிடைக்கும். குழந்தை பிறந்த அன்றைக்கு அவள் ஷிஃப்டில்தான் இருந்தாள், மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்தாள். பெண் குழந்தை.

நர்ஸ் இல்லாதவர்கள் படித்தால் ஒரு வார்த்தை. காம்பேக்ட் என்ற பெயர் ஒன்றுதான், வேலைக்கு வேலை அர்த்தம் வேறு. டாக்டர்களுக்கு உள்ள காம்பேக்ட் 2017லிருந்து நடக்கிறது, அதில் ஒரே லைசென்ஸ் எல்லா இடத்திலும் செல்லாது, ஒவ்வொரு மாநிலத்திலும் தனி லைசென்ஸை வேகமாக வாங்கித் தருவார்கள், அவ்வளவுதான். பிசியோதெரபிஸ்ட்டுகளுக்கு 2018லிருந்து, மாநிலத்துக்கு மாநிலம் பணம் கட்டி உரிமை வாங்க வேண்டும். பக்கத்து வீட்டு டாக்டர் சொன்னதை வைத்து நர்ஸ் லைசென்ஸ் பற்றி முடிவெடுக்காதீர்கள்.

கலிபோர்னியா ஏன் காம்பேக்டில் சேரவில்லை என்று எரிச்சலோடு கேட்பவர்கள் உண்டு, அந்தக் காலத்தில் நானும் கேட்டிருக்கிறேன். அங்கே நர்ஸுகள் சங்கம் எதிர்த்தே வருகிறது. அதே ஊரில்தான் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்று 1999ல் சட்டம் போட்டு 2004லிருந்து அமல்படுத்தினார்கள், அதே சங்கம் போராடித்தான். ஐசியுவில் இரண்டு, டெலிமெட்ரியில் நாலு, பொது வார்டில் ஐந்து, அதற்கு மேல் கொடுக்கக் கூடாது. கதவை இறுக்கி வைத்திருக்கிறவர்களும் உள்ளே அந்த வசதியைச் செய்து வைத்திருக்கிறவர்களும் ஒரே ஆட்கள் என்பதால் எனக்குத் திட்ட மனசு வருவதில்லை. ஆனால் சேர்ந்து நடந்ததா விதியை மட்டும், நாலைந்து வருடம் வேலை பார்த்து நிரூபித்தவர்களுக்காவது தளர்த்தலாம் என்பது என் கருத்து. பரணில் கேஸ் புக் இல்லாத அம்மாக்களும் இருக்கிறார்கள் அல்லவா.

செலவில் ஏஜென்சி கொஞ்சம் திருப்பிக் கொடுத்தது, கலிபோர்னியா காண்ட்ராக்ட் ஒன்றை முடித்த பிறகுதான் மீதி என்றார்கள். உடைந்த முத்திரைக்கும் மங்கிய ரேகைக்கும் யாரும் தரமாட்டார்கள். ரசீது எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் வைத்திருக்கிறாள்.

லைசென்ஸ் எண் 2025 பிப்ரவரி இரண்டாவது வாரம் வந்தது. விண்ணப்பம் போட்டு ஒன்பது மாதம் ஆகப்போகிற நேரம். குழந்தைக்கு அப்போது நாலு மாதம். அம்மா மார்ச்சில் ஊருக்குக் கிளம்பினார்கள், பத்திரமாக இருக்கட்டும் என்று கையோடு கொண்டுவந்திருந்த கேஸ் புக்கை ஹூஸ்டன் வீட்டில் விட்டுவிட்டு. ஏப்ரலில் சான் ஹோசே பக்கத்தில் அவளுக்கு 13 வாரம் கிடைத்தது. முதல் நாள், முந்தைய ஷிஃப்ட் நர்ஸிடம் ரிப்போர்ட் வாங்கி முடித்ததும் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள்.

“அக்கா, நாலே பேஷண்ட்.”